சீட்டுக் கிழித்தால் பூங்கா பிழைக்குமா?

காசு வாங்கினால்தான் பூங்கா சுத்தமாக இருக்கும். பெங்களூரிலும் சென்னையிலும் இன்று யாரும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்கிற வாக்கியம் இது. தங்கவயல்காரர்கள் நாலு பேர் கூடிப் பேத்தமங்களாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது: “சுத்தி வேலி போடணும், டிக்கெட் வெக்கணும், இல்லன்னா உருப்படாது.” படித்தவர், படிக்காதவர், ஊரை விட்டுப் போனவர், ஊரிலேயே இருப்பவர் என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இந்தக் கருத்து தவறு என்பது மட்டுமல்ல, இது பூங்காவையே அழிக்கும் என்றும் நான் நினைக்கிறேன்.

பேத்தமங்களாவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கர்நாடகத்தில், கோலார் தங்கவயலுக்கு அருகே, பாலாற்றின் குறுக்கே அமைந்த பெரிய ஏரியை ஒட்டிய ஊர் அது. கல்வெட்டுகள் அதை விஜயாதித்தமங்கலம் என்கின்றன. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. குடிதண்ணீர் பேத்தமங்களாவிலிருந்து வந்தது. தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்பிய இடத்தை ஊரார் இன்றும் ‘வாட்டர் ஒர்க்ஸ்’ என்றே சொல்கிறார்கள். அந்த ஏரிக்கரையும் மரநிழலும் பூங்காவும்தான், வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு வெளியூர், சுற்றுலா, விடுமுறை எல்லாமாக இருந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, ஆஸ்பத்திரி போனது. ஏரிக்கரை மட்டும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மக்களோடு நின்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், அதைப் பயன்படுத்துகிறவர் கொடுப்பதே நியாயம் என்பது ஒன்று. இலவசமாகக் கிடைத்தால் மக்களுக்கு அருமை தெரியாது என்பது இரண்டு. திறந்து விட்டால் குடிகாரர்களும் பொறுக்கிகளும் புகுந்துவிடுவார்கள், குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்பது மூன்று. கூட்டம் புல்லைத் தேய்க்கும், குப்பை போடும் என்பது நான்கு. மாலும் கைப்பேசியும் வந்த பிறகு பூங்கா பழைய காலத்துத் தேவை, அதை வைத்திருப்பதென்றால் காட்சிப்பொருளாக வைத்திருக்கலாம் என்பது ஐந்து. இவற்றைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அழுக்கடைந்த பூங்காக்களைக் கண்ணால் பார்த்து மனம் நொந்துதான் சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் மருந்தும்தான் தவறு.

1. பராமரிப்புப் பணம்

பூங்கா இப்போது இலவசமாக இருக்கிறது என்று யார் சொன்னது? வீட்டு வரி கட்டுகிறவர் கொடுத்துவிட்டார். வாடகை வீட்டுக்காரர் வாடகைக்குள் அந்த வரியைக் கொடுத்துவிட்டார். தீப்பெட்டி வாங்குகிறவரும் சோப்பு வாங்குகிறவரும் ஒவ்வொரு நாளும் வரி கொடுக்கிறார்கள். தெருவிளக்கின் கீழே நடக்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. மேம்பாலத்தில் கார் ஏற்றுகிறவரிடம் நகரத்துக்குள் பெரும்பாலும் யாரும் காசு கேட்பதில்லை. மரத்தடியில் உட்காருகிறவரிடம் மட்டும் ‘பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும்’ என்ற நியாயம் எங்கிருந்து வந்தது?

சீட்டு என்ன செய்யும் என்பதற்குச் சென்னையில் கண்ணெதிரே கணக்கு இருக்கிறது. கதீட்ரல் சாலையில் சுமார் 6 ஏக்கரில், 46 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். கம்பியில் தொங்கிச் செல்லும் ஜிப்லைனுக்கும் மற்ற காட்சிகளுக்கும் தனிக் கட்டணம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். அதே 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு குடும்பம் மரத்தைப் பார்க்க ஒருவரின் ஒரு நாள் உழைப்பை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கட்டியது பொதுப்பணம். உள்ளே போக முடியாமல் நிற்பவரும் அந்தப் பொதுப்பணத்தில் பங்கு கொடுத்தவர்தான். ஒரே இடத்துக்கு அவரிடம் இரண்டு முறை வாங்குகிறோம், இரண்டாவது முறை கொடுக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புகிறோம்.

சீட்டு கொடுக்கவும் செலவு உண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சுற்றுச்சுவர், கவுன்டர், சீட்டுக் கிழிக்க ஆள், சீட்டில்லாதவரைப் பிடிக்க ஆள் என்று அத்தனையும் பராமரிப்புக் கணக்கில்தான் ஏறும். பேத்தமங்களா போன்ற சிற்றூரில் வாரநாளில் வருகிற சொற்பக் கூட்டத்திடம் வசூலித்து, அந்த வசூலிலிருந்தே வசூலிப்பவருக்குச் சம்பளம் கொடுத்த பிறகு துப்புரவுக்கு என்ன மிஞ்சும்?

2. ‘காசு கொடுத்தால்தான் அருமை தெரியும்’

அப்படியானால் சினிமாக் கொட்டகைத் தரை ஏன் அப்படி இருக்கிறது? நூறும் இருநூறும் கொடுத்து உள்ளே போனவர்கள்தான் பாப்கார்னையும் காகிதக் கோப்பையையும் காலடியில் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அடுத்த காட்சிக்குக் கொட்டகை சுத்தமாக இருப்பது, சீட்டு வாங்கியவருக்குப் பொறுப்பு வந்துவிட்டதால் அல்ல. காட்சிக்குக் காட்சி கூட்டிப் பெருக்க ஆள் வைத்திருக்கிறார்கள். சுத்தத்துக்குக் காரணம் துடைப்பம் பிடிக்கிற ஆள். அந்த ஆளைப் பூங்காவுக்கு வைக்கச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

அருமை தெரியாதவர் யார் என்ற கேள்வியிலும் ஒரு பெரிய அநியாயம் ஒளிந்திருக்கிறது. பெங்களூர் லால்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம். காலை 6 மணியிலிருந்து 9 வரையும், மாலை 6-லிருந்து 7 வரையும் நுழைவு இலவசம். நடுப்பகலில் கட்டணம் உண்டு. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நேரக் கணக்கில் யார் ஜெயிக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கத்துப் பேட்டைகளில் வீடும், காலை நேரத்தில் ஓய்வும் உள்ளவர் காசில்லாமல் உள்ளே போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கவயலிலிருந்து ரயிலேறி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்து சேருகிற குடும்பம் சீட்டு வாங்குகிறது. தினமும் வருகிறவருக்கு இலவசம், ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவருக்குக் கட்டணம்! இதில் அருமை தெரிந்தவர் யார், தெரியாதவர் யார்?

பேத்தமங்களாவின் அருமையைத் தங்கவயலுக்குச் சீட்டு கற்றுத்தரவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அத்தனை ஆழத்தில், கொதிக்கும் பாறைக்கு நடுவே ஷிஃப்ட் முடித்து மேலே வந்த மனிதனுக்கு, வானத்தின் கீழே தண்ணீரைப் பார்த்தபடி உட்காருவதன் அருமை நுரையீரலிலேயே தெரியும். அந்த நுரையீரலில் கல்தூசி படிந்து சிலிக்கோசிஸ் வந்து செத்தவர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் வாரிசுகளைப் பார்த்து ‘உனக்கு அருமை தெரியாது, காசு கொடுத்தால்தான் தெரியும்’ என்று சொல்வதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

3. குடிகாரர்களும் பொறுக்கிகளும்

ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில்தான் பயம் குடியேறும். இதை அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதிய நகரங்கள் பற்றிய நூலில் விரிவாக வாதிட்டார். தெருவையும் பூங்காவையும் காப்பது முதலில் அங்கே புழங்குகிற மனிதர்களின் கண்கள், காவலரெல்லாம் அதற்கு அடுத்தபடிதான் என்றார். நம் கிராமத்து ஆலமரத்தடியில் உட்கார்ந்த கிழவிகளுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா இதற்குச் சரியான சாட்சி. 1970-களில் அது போதை மருந்து விற்பவர்களின் கோட்டை. வேலிக்கும் உயர்ந்த செடிவரிசைக்கும் உள்ளே நடப்பது வெளியே தெரியாது, நுழையும் வழிகளும் குறைவு. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் ஆராய்ந்துவிட்டு, வேலியை எடுங்கள், செடிச்சுவரைக் குறையுங்கள், வாசல்களைக் கூட்டுங்கள் என்றார். மூடிச் சீரமைத்து 1992-இல் திறந்தபோது, விரும்பிய இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிகள் வந்தன, சாப்பாட்டுக் கடைகள் வந்தன, கூட்டம் வந்தது, போதை வியாபாரம் போனது. நுழைவுக் கட்டணம் இல்லை. செலவைச் சுற்றியுள்ள கட்டடங்களிடமிருந்து பெறும் வரியும், கடை வாடகையும், நிகழ்ச்சி வருமானமும் பார்த்துக்கொள்கின்றன. சீட்டு வைத்தால்தான் ஒழுங்கு வரும் என்பவர்கள் இந்தப் பூங்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் உள்ளே வரத் தடையுள்ள பெங்களூர் கப்பன் பூங்காவைப் பாருங்கள். 1870-இல் ரிச்சர்ட் சாங்கி அமைத்த அந்தப் பூங்காவில் அன்றைக்குச் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், ஓவியம் வரைகிறவர்கள், புல்தரையில் புத்தகத்தோடு மௌனமாக உட்காருகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். 2023-இல் சனிக்கிழமைகளில் சிலர் அங்கே அமைதியாகப் படிக்கத் தொடங்கிய ‘கப்பன் ரீட்ஸ்’ பழக்கம், பல நாட்டு நகரங்களின் பூங்காக்களுக்குப் பரவியது. வாசலில் யாரும் சீட்டுக் கேட்காத பூங்காவில்தான் இது முளைத்தது.

குடித்துவிட்டுத் தொந்தரவு செய்கிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. அவன் ஒருவனைத் தடுக்கத் தெரியாமல் எல்லோரையும் தடுப்பது நிர்வாகத்தின் தோல்வி. அதைவிட ஒன்று: குடிக்கக் காசு வைத்திருப்பவனிடம் சீட்டுக்கும் காசு இருக்கும். சீட்டு அவனைத் தடுக்காது. கைக்குழந்தையோடு தனியாக வந்து அரை மணி நேரம் நிழலில் உட்கார நினைத்த பெண்ணைத்தான் தடுக்கும்.

4. கூட்டமும் குப்பையும்

கட்டுச்சோறு எப்போது குற்றமானது? பெங்களூரின் ஒரு பெரிய பூங்காவில் நான் பார்த்தது இது. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்ஷீட்டை விரித்தது. எவர்சில்வர் தூக்கைத் திறந்து புளிச்சோறும் அவித்த முட்டையும் எடுத்தார்கள். பாட்டி கையில் இரண்டாவது கவளம் இருக்கும்போது வாட்ச்மேன் விசில் அடித்தபடி வந்தார். சாப்பிடக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, எழுந்திருங்கள் என்றார். அந்தப் பாட்டி எச்சில் கையோடு எழுந்து நின்றார். தூக்கை மூடி, பெட்ஷீட்டை உதறி மடித்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பருக்கைகூடத் தரையில் இல்லை. கூப்பிடு தூரத்தில் காசுக்கு ஐஸ்கிரீம் விற்கும் கடை இருந்தது, அதன் காலியான கோப்பைகள் பாதை நெடுகக் கிடந்தன. வீட்டுச் சோற்றுக்கு விசில், கடைத் தின்பண்டத்துக்கு அனுமதி. இது சுத்தத்தைப் பற்றிய விதியே அல்ல.

காணும் பொங்கலன்று மெரினாவிலும் நீர்நிலைகளிலும் குப்பை மலையாகக் குவிகிறது என்பது உண்மை. அன்று கூட்டம் வரும் என்பது வருஷா வருஷம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் தொட்டி வைக்காமல், கழிப்பறை வைக்காமல், குடிதண்ணீர் வைக்காமல் இருந்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கியவரைக் குப்பை போட்டவர் என்று திட்டுகிறோம். தண்ணீர்க் குழாய் இருந்தால் பாட்டில் எதற்கு?

ஒரு விஷயத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். காக்க வேண்டியவை இருக்கின்றன. லால்பாக்கின் அரிய மரங்களுக்கு வேலி வேண்டும். பேத்தமங்களாவில் ஊர் குடிக்கும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் தொட்டிகளுக்குக் கட்டாயம் வேலி வேண்டும், ஏரியில் துணி துவைக்கவும் வண்டி கழுவவும் தடை வேண்டும். செடிக்கு வேலி போடுங்கள், தொட்டிக்கு வேலி போடுங்கள். மனிதனுக்கு வேலி போடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

மனிதன் வராத கரைக்கு வேறு யார் வருவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். பாலாற்றின் கதை நமக்குத் தெரியும். தண்ணீர் வற்றி, ஜனங்கள் ஆற்றுப்பக்கம் போவதை விட்ட இடங்களில் மணல் லாரி இறங்கியது. கோலார் மாவட்டத்து ஏரிகள் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்து, 2021 இறுதியில் கொட்டிய மழையில் நிரம்பின. நிரம்பிய ஏரியைப் பார்க்க வந்து நிற்கிற ஜனம்தான் அந்த ஏரிக்குச் சம்பளமில்லாத காவல். கரையில் விரிசல் விட்டாலும், சாக்கடை கலந்தாலும், யாரோ வேலிக்கல் நட்டாலும் முதலில் கண்டு சத்தம் போடுவது அவர்கள்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஏரியை யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம்?

5. மாலும் கைப்பேசியும் வந்துவிட்டனவே

யாருக்கு? சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளைப் பார்த்தவர் இந்த வாதத்தை எடுக்கமாட்டார். ஒற்றை அறை, ஒட்டினாற்போல் அடுத்த வீட்டுச் சுவர், அதற்குள் மூன்று தலைமுறை. காற்றடித்தால், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுமண் குவிந்த சயனைட் மேட்டின் மாவுத்தூசி பறந்து வந்து சோற்றுத்தட்டில் விழும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓடி விளையாட முற்றம் இல்லை. புதிதாகக் கல்யாணமானவர்களுக்குத் தனியாகப் பேச இடம் இல்லை. பூங்காதான் அவர்களுடைய முற்றம். இன்று பெங்களூரில் ஒற்றை அறை வாடகையில் இருக்கிற கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கும், அதிகாலை ரயிலில் தங்கவயலிலிருந்து வந்து இரவு திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் நிலைமை அதுதான். பெரிய வீடு உள்ளவருக்குப் பூங்கா கூடுதல் வசதி. இடமில்லாதவருக்கு அது வீட்டின் மிச்சப் பாதி.

மாலில் உட்காரலாமே என்கிறார்கள். மாலில் யார் உட்காரலாம் என்பதை வாசல் காவலர் உடுப்பைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார். தங்கவயல்காரர்களுக்கு இந்த வாசல் புதிதல்ல. 1885-இல் தொடங்கிய கே.ஜி.எஃப். கிளப்பும் அதன் கோல்ஃப் மைதானமும் சுரங்க அதிகாரிகளுக்கானவை. தங்கத்தை வெட்டி எடுத்தவன் அந்த வேலிக்கு வெளியேதான் நின்றான். அப்படி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளான நாம், நம் கையிலிருக்கும் ஒரே திறந்த இடத்துக்கும் வேலி போடச் சொல்லிக் கேட்பது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கிறது.

இனி இதன் விளைவு

சீட்டு ஒரு நாளும் சீட்டோடு நிற்காது. கட்டணம் வந்தால் பூங்கா வருமானம் தரும் சொத்தாகக் கணக்கேட்டில் ஏறும். சொத்து என்றால் குத்தகைக்கு விடலாம். குத்தகைதாரர் லாபம் பார்க்க ராட்டினம் வைப்பார், செல்ஃபி மேடை வைப்பார், கல்யாண மண்டபத்துக்கு ஒரு மூலையை விடுவார். வருமானம் வராத பெரிய மரம் இடத்தை அடைப்பதாகத் தோன்றும். வருமானமே போதாதென்றால், வேறு ‘பொது உபயோகத்துக்கு’ நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்ற கோப்பு தயாராகும்.

சென்னை இதை அனுபவித்திருக்கிறது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் சாதாரண ஜனங்களுக்காகவே உருவாக்கிய பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கும் மேல் பரந்திருந்தது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதைத் தின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லா நியாயங்களும் சேர்ந்து பூங்காவை இல்லாமல் செய்தன.

பெங்களூரில் ஒரு முறை இது தடுக்கப்பட்டது. ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய திறந்தவெளியைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம், ‘பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா’ வழக்கில், அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்கு நல்லதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. காற்றும் விளையாட்டும் ஓய்வும் பெரும் பொதுநலன் என்று நீதிமன்றம் கருதியது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1985-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டம் தானாக எழுந்து நீதிமன்றத்துக்கு நடக்காது. ‘இது என் இடம்’ என்று வழக்குப் போட ஆள் வேண்டும். சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் இந்தக் கடை போனால் அடுத்த கடைக்குப் போவார். வழக்குப் போடமாட்டார்.

ஆகவே கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்போம். பேத்தமங்களா ஏரிக்கரைக்குப் பெண்கள் போகக்கூடிய கழிப்பறை வேண்டும், அதைக் கழுவ முழுநேர ஆள் வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வேண்டும்; தங்கவயலுக்கே தண்ணீர் கொடுத்த ஊரில் இது பெரிய கோரிக்கை அல்ல. இருட்டும் வரை விளக்கு, ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கூடுதல் பஸ், ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு குப்பைத்தொட்டி வேண்டும். கரையில் கடை போட உள்ளூர்க்காரருக்கு உரிமம் கொடுத்து, அந்த வாடகையைக் கரைக்கே செலவழிக்க வேண்டும். இவற்றுக்கான தொகை ஆண்டு பட்ஜெட்டில் தனித் தலைப்பில் எழுதப்பட வேண்டும். ஊர் அதைக் கணக்குக் கேட்க வேண்டும். லால்பாக்கிலும் சென்னையின் புதிய பூங்காக்களிலும் குறைந்தபட்சம் ஞாயிறு முழுவதும் வாசல் இலவசமாகத் திறக்க வேண்டும். ஓய்வு கிடைக்காதவருக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நாள் அது.

இத்தனையும் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் பூங்கா பாழானால் மக்களைக் குறை சொல்லலாம். ஒன்றையும் செய்யாமல் வாசலை மூடுவது, கடமையைச் செய்யாதவர் செய்த தவறுக்கு உட்கார இடமில்லாதவரைத் தண்டிப்பது. சீட்டு வேண்டும் என்று இனி யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். துப்புரவு ஆள் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை வாசல் திறந்தே இருக்கட்டும்.